பூவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர்!

லீவ் லெட்டரில் ‘குடும்ப அவசரம்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கி, ‘‘யாருக்கு என்ன?’’ என்றார்.

‘‘நாகர்கோவில்ல அக்கா வீட்டுல ஒருத்தர்... நடமாட்டம் சரியில்லை சார்.’’

பொய் இல்லை. மற்ற வீடுகளில் நடக்க முடியாமல் போனால்தான் அவசரம். இங்கே, இருந்த இடத்தில் இருக்கவேண்டிய ஒருத்தர் நடக்க ஆரம்பித்துவிட்டார்!

முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அத்தான் போன் பண்ணியிருந்தார். ‘‘மாப்ளே, சாமந்தி எடத்த விட்டுக் கெளம்பிட்டு. மோட்டாரப் பாத்துப் போய்க்கிட்டிருக்கு. ஒடனே பொறப்பட்டு வா.’’

சாமந்தி என்றதும் தோட்டம், பூக்கூடை என்றெல்லாம் கற்பனை பண்ணாதீர்கள். இது கடல் சாமந்தி. பள்ளிக்கூடத்து விலங்கியல் புத்தகத்தில் துறவி நண்டின் முதுகில் ஓசி சவாரி போகுமே, அந்தப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உருவம்தான் பூ. ஆள், பிராணி. எலும்பு கிடையாது, மூளை கிடையாது, ஆனால் வாய் உண்டு. (ஆபீஸில் யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) வாயைச் சுற்றி இதழ்கள் மாதிரி உணர்கொம்புகள். அவை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள். ‘ஆஹா, பூ!’ என்று பக்கத்தில் வருகிற சின்ன மீன் சாப்பாடாகிவிடும்.

கீழே தட்டையாக ஒரே ஒரு கால். அதைப் பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சீனியர் ஹெட்கிளார்க் மாதிரி வருஷக்கணக்கில் நகராது. இடம் பிடிக்கவில்லை என்றால் மட்டும் கிளம்பும். மணிக்குச் சில அங்குலம் போனாலே அதற்கு எக்ஸ்பிரஸ் வேகம்.

இதற்கு நான் எதற்கு? காரணம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னை கொளத்தூரில், வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், மருமகன் கைகாட்டியதை வாங்கிக் கொடுத்தவன் நான். தண்ணீர் பாதி, ஆக்ஸிஜன் பாதியாக ஊதிக் கட்டிய பாலிதீன் பை, அதைச் சுற்றி தெர்மாகோல் பெட்டி. ராத்திரி முழுக்க கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் என் மடியில் வந்தது. எதிர் சீட்டு அம்மாள், ‘‘பிள்ளைக்கு மருந்தாப்பா?’’ என்று கேட்டார். தாய்மாமன் முறைக்குத் தலைமுடி இறக்க மடியில் வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த உறவு எனக்கும் அதற்கும்.

அதே ரயிலில் கிளம்பினேன். விடியாத இருட்டிலும் ஆரல்வாய்மொழி வந்துவிட்டது என்று அறிவிப்பே தேவையில்லை. கணவாய்க் காற்று ஜன்னலில் வந்து அறைந்து சொல்லிவிடும். அப்புறம் தென்னை, வாழை, குளம். நாகர்கோவில்.

* * *

பார்வதிபுரத்தில் அக்கா வீட்டு முன்ஹாலில் டி.வி. இருக்கவேண்டிய இடத்தில் கடல் இருக்கிறது. நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம். முந்நூறு லிட்டருக்கு மேல் உப்புத் தண்ணீர். குளிர வைக்க ஒரு மெஷின், வடிகட்ட ஒன்று, அலையடிக்க ஒன்று, வெயில் மாதிரி வெளிச்சத்துக்கு ஒன்று. மின்சாரம் போனால் முதல் இன்வெர்ட்டர் கனெக்‌ஷன் இதற்குத்தான். அக்காவின் ஃபேனுக்கு இரண்டாமிடம்.

‘‘எலேய், வந்ததும் வராததுமா அங்க என்ன பார்வை? காப்பியக் குடி. இவியளும் ரெண்டு நாளா அதுக்க முன்னாலயே இருக்காவ. ஒரு வாய் சோறு எறங்கல்ல’’ என்றாள் அக்கா.

தொட்டி மருமகனுடையது. காலேஜ் படிக்கும்போது ஆரம்பித்தான். பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, மோட்டார் சைக்கிளை நண்பனிடம் ஒப்படைத்தான். தொட்டியை அப்பாவிடம் ஒப்படைத்தான். அத்தான் அதுவரை மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்தவர். இன்றைக்கு உப்பின் அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி என்று ஜாதகம் மாதிரி நோட்டில் குறிக்கிறார். பையன் போனில் அப்பாவிடம் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசுகிற ஒரே சப்ஜெக்ட் இதுதான். ‘எப்படிப்பா இருக்க?’ என்று கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை, ‘சாமந்தி எப்படிப்பா இருக்கு?’ என்று கேட்பான். அப்பாவும் சாமந்தியின் சௌக்கியத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

தொட்டியில் பவளம் கிடையாது. பவளப்பாறைகள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே பட்டியலில் இருக்கின்றன. ஒரு துண்டை எடுத்து வந்து ஷோகேஸில் வைத்தாலும் குற்றம்தான். அதனால் செயற்கைப் பாறைகள். அவற்றுக்கு நடுவே ஒரு ஜோடி கோமாளி மீன். 2003-ல் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்து உலகம் பூராவும் பிரபலமானதே, அந்த ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. கடலிலிருந்து பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கேரள எல்லைக்கு அந்தப்பக்கம் விழிஞ்ஞத்திலும் செய்து காட்டியிருக்கிறது.

இந்த மீன்களைச் சாமந்தி கொட்டுவதில்லை. உடம்பில் இருக்கும் வழவழப்புதான் கவசம். எதிரி வந்தால் மீன் உள்ளே ஓடி ஒளியும். பதிலுக்குச் சாமந்தியைக் கடிக்க வருகிற மீன்களை விரட்டும். இன்னொரு ரகசியம்: கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான். குடும்பத்தில் பெரியது பெண்ணாக மாறி அதிகாரம் பண்ணும். அது செத்தால் புருஷன் பெண்ணாக மாறி நாற்காலியில் உட்காரும். இதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்குத் தொட்டிமேல் கொஞ்சம் மரியாதை.

ஆனால் இப்போது வீட்டுக்காரச் சாமந்தியையே காணோம். குனிந்து பார்த்தேன். நாலு வருஷமாக நடுப்பாறையில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து கிடந்தது, பின் மூலையில் கண்ணாடியோடு சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் வாய்க்கு நாலு விரற்கடை தூரம்.

உறிஞ்சினால் என்ன ஆகும்? மிக்ஸியில் விழுந்த தக்காளி. அதோடு முடியாது. கிழிந்த சாமந்தி அழுகி, தண்ணீரில் அமோனியா ஏறி, ஒரே ராத்திரியில் தொட்டியே மயானமாகிவிடும்.

‘‘பையன் பொங்கலுக்கு வாறான் மாப்ளே’’ என்றார் அத்தான். வேறொன்றும் சொல்லவில்லை.

* * *

கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல விளிம்பிலிருந்து நெம்பி எடுக்கலாம் என்று படித்திருந்தேன். அத்தான் காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றை நல்ல தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்தார். கையில் ரப்பர் உறை. (சாமந்தியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் அப்புறம் கண்தான் சாமந்தி.) மோட்டாரை நிறுத்திவிட்டு, தோள்வரை கையை விட்டார்.

கார்டு விளிம்பைத் தொட்டது. சாமந்தி நெல்லிக்காய் மாதிரி சுருங்கி, பிடியை இன்னும் இறுக்கியது. அத்தான் கொஞ்சம் அழுத்தினார். கால் ஓரம் ஜவ்வு மாதிரி இழுபட்டு மெலிந்தது.

‘‘விடுங்கோ! கிழிஞ்சிரும்!’’ என்று கத்தினாள் அக்கா. சாமந்தியை ‘சனியன்’ என்று மட்டுமே இதுவரை அழைத்து வந்த அதே அக்கா.

விட்டுவிட்டார். உறிஞ்சும் வாய்க்குப் பிளாஸ்டிக் வலை சுற்றி, அதன்மேல் ஸ்பாஞ்ச் கட்டி, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டோம். நிரந்தரமாக நிறுத்தவும் முடியாது. மீன்களுக்கு மூச்சு வேண்டுமே.

‘‘முட்டத்துக்குப் போவோம். தண்ணி மாத்தணும்’’ என்றார் அத்தான், கேன்களை எடுத்துக்கொண்டு.

* * *

அத்தானின் பழைய மாருதியில் கோணம், ராஜாக்கமங்கலம், அம்மாண்டிவிளை வழியாக முட்டம். ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னை, நடுநடுவே சர்ச் கோபுரம், திரும்பினால் திடீரென்று நீலம். ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981-லும் ‘கடலோரக் கவிதைகள்’ 1986-லும் பாரதிராஜா எடுத்த பாறைகள் இவைதான். எங்கள் தலைமுறையில் காதலிக்காதவன்கூட இந்தப் பாறையில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பான்.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்கினோம். கடல் வாங்கியிருந்த நேரம். அலை ஏறி இறங்கும் பாறைகளுக்கு இடையில் குழிக்குழியாகத் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு குழியும் ஒரு சின்னத் தொட்டி. நண்டு, நத்தை, விரல் நீள மீன். இடுக்குகளில் சின்னச் சின்னதாகப் பச்சையும் பழுப்புமாய்க் கடல் சாமந்திகள்! நிழல் பட்டதும் ஒன்று சுருங்கியது. சற்றுப் பொறுத்து மறுபடி விரிந்தது.

அத்தான் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ‘‘மாப்ளே... வீட்டுல உள்ளது போயிட்டுன்னா, இதுல ஒண்ண எடுத்து வச்சா பயலுக்குத் தெரியவா போவுது?’’ என்றார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. வீட்டில் இருப்பது உள்ளங்கை அகலம். இது பொத்தான் அகலம். ஜாதியே வேறு. அரசாங்க வேலையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவருக்கு இது தெரியாமலா?

‘‘என்ன மக்கா தேடுதிய?’’

வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அத்தான் வாராவாரம் தண்ணீர் எடுக்க வருவதால் பழக்கம். ‘‘ஒண்ணுமில்ல பாட்டா, இந்தப் பூவ எடுக்கலாமான்னு...’’

பாட்டா இளவயதில் மூச்சுப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து சிப்பி பறித்தவர். எழுந்து வந்து குழியை எட்டிப் பார்த்தார். ‘‘கறிக்குன்னா பறிக்கலாம். வளக்கணும்னா பறிக்கப்படாது. அது காலு பாறைக்க உள்ள கெடக்கு. பிச்சு எடுத்தா பாதிதான் கையில வரும்.’’

அவர் இதைச் சொன்னபோது எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வந்தது. 1850-களில் அங்கே வீட்டு வீட்டுக்குக் கண்ணாடித் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. கிளப்பிவிட்டவர்களில் முக்கியமானவர் ஃபிலிப் ஹென்றி காஸ். கடல் உயிர்களைத் தொட்டியில் வளர்ப்பது பற்றி 1854-ல் ‘தி அக்வேரியம்’ என்று புத்தகமே போட்டார். படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய நினைவுக் குறிப்பில், சின்ன வயதில் அப்பாவோடு பார்த்த அந்தப் பாறைக்குழிகள் சூறையாடப்பட்டு வெறுமையாகிவிட்டன என்று வருத்தப்பட்டிருக்கிறார். அப்பா ஆசையை எழுதினார்; பிள்ளை இழப்பை எழுதினார்.

அத்தானிடம் இதைச் சொன்னேன். ‘‘சரிதாம்டே’’ என்று எழுந்தார்.

பாட்டா போகும்போது திரும்பி, ‘‘எடுக்காண்டாம். ஆனா அது எங்க கெடக்குன்னு நல்லா பாத்துக்கோ. அலை நேரா வந்து அடிக்க எடத்துல ஒண்ணாவது கெடக்கா?’’ என்றார்.

பார்த்தோம். இந்தப் பாறையில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அலை உடைந்து, வேகம் தணிந்து, வெறும் நுரையாக வழிந்து வருகிற இடத்தில்தான். கால் இடுக்கின் இருட்டில், தலை வெளிச்சத்தில். தலைக்கு வெயில் எதற்கு என்றால், வீட்டில் இருக்கும் நம் சாமந்தி மாதிரியான ரகங்களின் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைத்து வீட்டு ஓனருக்கும் பங்கு கொடுக்கும். வாடகைக்குப் பதில் சாப்பாடு!

அத்தான் கேனில் தண்ணீர் மொள்ளுவதைப் பாதியில் நிறுத்தினார்.

‘‘மாப்ளே, தீவாளி போனஸுல புது அலை மெஷின் வாங்கி மாட்டினேன்லா? பழசவிட ரெண்டு மடங்கு வேகம். நேரா நடுப்பாறையப் பாத்துதான் வச்சேன். சாமந்திக்கு நல்லா காத்து வரட்டும்னு...’’

‘‘எப்ப அத்தான்?’’

‘‘பத்து நாளு.’’

இரண்டு பேரும் சிறிது நேரம் பேசவில்லை. அது ஓடிப்போகவில்லை; நாம்தான் துரத்தியிருக்கிறோம். பாசத்தில்!

* * *

திரும்பி வரும்போது துறவி நண்டின் ஞாபகம் வந்தது. அந்த நண்டு வளர வளரப் பழைய சங்கை விட்டுப் பெரிய சங்குக்குக் குடிபோகும். முதுகிலிருக்கும் சாமந்தியை என்ன செய்யும்? சில வகை நண்டுகள் அதை விட்டுவிட்டுப் போவதில்லை. கால்களால் சாமந்தியை மெல்லத் தட்டும், தடவும், மறுபடி தட்டும். பிய்த்து இழுக்காது. சற்று நேரத்தில் சாமந்தி தானாகவே பிடியை விட்டுவிடும். அப்புறம் எடுத்துப் புது வீட்டு முதுகில் வைத்துக்கொள்ளும். உலகத்திலேயே மிகச் சிறந்த பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்.

அதே கொள்கையில் இறங்கினோம். புது மெஷினின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, திசையை மாற்றினோம். நடுப்பாறைப் பக்கம் நேரடி அடி இல்லை. பின்மூலையில் சாமந்தியின் காலில் மட்டும் லேசாகத் தண்ணீர் உறுத்துகிற மாதிரி. பின்மூலைக்குமேல் கறுப்பு அட்டை வைத்து இருட்டாக்கினோம். முன்பக்கம் வழக்கமான வெளிச்சம். அதாவது, ‘இங்கே வசதி இல்லை, அங்கே வசதி உண்டு’ என்று சூசகமாகத் தெரிவிப்பது. எந்த வீட்டு ஓனருக்கும் தெரிந்த டெக்னிக்.

சின்னக் கல்லில் ஒட்டியிருந்தால் கல்லோடு தூக்கி வைத்துவிடலாம், அதுதான் சுலபம். கண்ணாடியில் இருப்பதற்குப் பொறுமைதான் ஆயுதம். அத்தான் ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, நல்ல இடுக்காகப் பார்த்து வைத்து, ‘‘இதுதான் அதுக்க எடம்’’ என்று அறிவித்தார்.

முதல் ராத்திரி: அசையவில்லை. அத்தான் பாயைத் தொட்டி முன்னால் விரித்தார்.

நான் துணைக்கு உட்கார்ந்து ஸ்காட்லாந்துக் கதை சொன்னேன். 1828-ல் ஜான் டாலியெல் என்பவர் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு சாமந்தியைக் கொண்டுவந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். அவர் 1851-ல் இறந்தபிறகும் அது இருந்தது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கை என்று மாறி, எடின்பரோவில் ‘பாட்டி’ என்று பட்டப்பெயர் வாங்கி, நூற்றுக்கணக்கில் குட்டி போட்டு, 1887-ல் இறந்தபோது பத்திரிகையில் மரணச் செய்தி வந்தது. ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினால் போதும். மனுஷன் போய்விடுவான், சாமந்தி இருக்கும்.

அத்தான் வெகுநேரம் கழித்து, ‘‘அப்ப இது எனக்குப் பொறவும் கெடக்கும்’’ என்றார். குரலில் வருத்தம் இல்லை.

இரண்டாம் நாள்: ஓர் அங்குலம். மோட்டாருக்கு எதிர்ப்பக்கம்! அக்கா தெருவில் இரண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். மத்தியானம் கிழங்கும் சாளைக் கறியும். அத்தான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் விடியற்காலை அக்காவின் குரல்: ‘‘எலேய், அதைக் காணல்ல!’’

விழுந்தடித்து ஓடினோம். பின்மூலை காலி. மோட்டார் வாயைப் பார்த்தேன், வலை சுத்தம். அத்தான் தேர்ந்தெடுத்த பாறை, அங்கேயும் இல்லை. நடுப்பாறை, இல்லை. அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

‘‘இங்க பாருங்கோ’’ என்றாள் அக்கா.

முன்பக்கக் கண்ணாடிக்கு அடுத்த சின்னப் பாறையின் இடுக்கு. வேகம் தணிந்து தண்ணீர் வழிகிற இடம். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, இதழ்களின் நுனி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பெரிய கோமாளி மீன் ஏற்கெனவே உள்ளே புகுந்து வீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. சின்னது வாசலில் அனுமதிக்குக் காத்திருந்தது.

அக்கா தினமும் கீரை ஆய உட்காருகிற மணைக்கு நேர் எதிரே. ‘‘என்னையப் பாத்துல்லா வந்திருக்கு!’’ என்றாள். அதை மறுத்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன். ‘‘சாமந்தி எப்படிப்பா இருக்கு?’’

அத்தான் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ‘‘எடம் மாறிட்டு மக்களே. நான் மெஷின மாத்தினதுல அதுக்குப் பிடிக்கல்ல. தப்பு என்னதுதான். இப்ப நல்லா இருக்கு.’’ கொஞ்சம் நிறுத்தி, ‘‘நீ எப்படிடே இருக்க? புது எடம் ஒத்துக்கிட்டா?’’ என்றார்.

அன்றைக்கு அந்த போன் இருபது நிமிஷம் ஓடியது.

* * *

மட்டிப்பழமும் நேந்திரங்காய் சிப்ஸுமாகச் சென்னை வந்து சேர்ந்தேன். சிப்ஸ் பொட்டலத்தை மேனேஜர் டேபிளில் வைத்தேன்.

‘‘அந்த ஒருத்தர் இப்ப எப்படி?’’

‘‘நல்லா இருக்கார் சார். பிடிக்காத எடத்துல மாட்டிக்கிட்டிருந்தார். யாரும் இழுக்கல, தள்ளல. சூழ்நிலையைக் கொஞ்சம் மாத்திக் குடுத்தோம். தனக்குப் பிடிச்ச எடமா பாத்து அவரே போயிட்டார்.’’

மேனேஜர் சிப்ஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

‘‘தஞ்சாவூருக்கு நான் ரெண்டு வருஷமா எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன்யா. அது எந்த யூனியன் மூலமா போச்சுன்னு விசாரிச்சுச் சொல்லேன்!’’